பதினேழாம் இருக்கை

விடுப்புப் படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில்
காப்பித் திருவிழா என்று எழுதிக் கொடுப்பேன்.
டிராம் பணிமனை மேலாளர் ரியேக்கினென்
கையெழுத்துப் போடுமுன் ஒருமுறை
என் முகத்தைப் பார்ப்பார்.
ஒன்பது வருடமாகப் பார்க்கிறார்.

ஹெல்சிங்கித் துறைமுகத்தில் பழைய கயிறு ஆலை.
வெளியே மார்ச் மாதப் பனி, கறுத்து, சாலை உப்போடு.
வாசலில் மணிக்கட்டில் பட்டை கட்டுகிறார்கள்:
வியாபாரிக்குச் சிவப்பு, நடுவருக்கு மஞ்சள்,
சும்மா குடிக்க வந்தவளுக்குப் பச்சை.

கட்டைவிரல் உயரக் கோப்பைகள்.
பதினோரு மணிக்குள் பதினான்கு.
கரண்டியில் உறிஞ்சினால் சத்தம் வரவேண்டுமாம்.
வீட்டில் இப்படி உறிஞ்சினால்
ஆர்வோ எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவான்.
இங்கே நாற்பது பேர் வரிசையில் நின்று
சீறுகிறோம், யாரும் யாரையும் பார்ப்பதில்லை.

"கழுவாமல் உலர்த்தியது, எத்தியோப்பியா" என்கிறான்
தாடிக்கு எண்ணெய் பூசிய பையன்.
"மல்லிகை தெரிகிறதா?"
எனக்குத் தெரிந்ததெல்லாம்
நனைந்த கம்பளிக் கையுறையை
ஹீட்டர் மேல் காயப்போட்ட வாசனை.
சொல்லவில்லை. தலையாட்டினேன்.
இன்னொரு வாய்.
கையுறைக்குப் பின்னால்
ஆமாம், ஏதோ பூ இருந்தது,
இறங்கிப்போன பயணியின் அத்தர் போல,
இருக்கை மட்டும் மிச்சம்.

சனி இரவு விருது விழா.
சீட்டின் விலை என் இரண்டு நாள் சம்பளம்.
அரவை இயந்திரம் விற்கும் பிர்க்கோ ஓடி வந்தாள்:
"ஒரு நடுவருக்குக் காய்ச்சல்.
பதினேழாம் இருக்கை காலி. போய் உட்கார்."
பச்சைப் பட்டை மேல் சட்டைக் கையை இழுத்துவிட்டு
உட்கார்ந்தேன். எதிரே பெயர் அட்டை:
முனைவர் லாகர்ஸ்டெட்.

வலப்பக்கத்துக்காரர் சாய்ந்தார், ரகசியக் குரலில்:
"இறுதிச் சுற்றின் மூன்றாம் கோப்பை,
உங்கள் அபிப்பிராயம்?"
வாய் தவறி வந்தது: "கையுறை. கம்பளி. ஈரமானது."
அவர் கண்களை மூடினார்.
திறந்து, பேனா எடுத்து,
எழுதிக்கொண்டார்.

சிறந்த கடை. சிறந்த கலவை.
பொட்டலத்தின் அழகுக்கு மட்டும் மூன்று விருது.
ஒருத்தி வங்கிக்கு நன்றி சொல்லி அழுதாள்.
கடைசியாக, ஆண்டின் வறுவலாளர்:
யோயென்சூவிலிருந்து ஒஸ்மோ துர்டியைனென்,
கார் கொட்டகையில் வறுப்பவர்.
ஒலிவாங்கிக்கு எட்டாத குள்ளம்.
"நன்றி. நாளை வேலை இருக்கிறது," என்றார்.
அன்றைக்கு அதற்குத்தான் பெரிய கைதட்டல்.

கடைசி டிராம். ஓட்டுவது செப்போ,
வளைவில் வழக்கம்போல் பிரேக்கைத் தாமதமாக அழுத்துகிறான்.
எதிர் இருக்கையில் ஒஸ்மோ,
மடியில் தலையளவு வெண்கலக் காப்பிக் கொட்டை.
"கொஞ்சம் பிடிக்கிறீர்களா? பூட்ஸ் கயிறு."
வாங்கினேன். சில்லென்று, கைக்குழந்தைப் பாரம்.

குனிந்தவர் நிமிரும்போது
என் பையிலிருந்த தெர்மாஸைப் பார்த்துவிட்டார்.
"ஒரு வாய் கிடைக்குமா?
மூன்று நாளாகச் சுவைத்துச் சுவைத்துத் துப்புகிறேன்,
எதையும் குடிக்கவில்லை."

சலுகை விலைப் பொட்டலம்.
எதற்கும் இருக்கட்டும் என்று காலையில் ஊற்றியது.
வெட்கத்தோடு மூடியில் ஊற்றிக் கொடுத்தேன்.
சீறவில்லை அவர். மல்லிகை தேடவில்லை.
ஜன்னல் பக்கம் திரும்பிக் குடித்தார்.
"சூடாக இருக்கிறது," என்றார்.
பொய். ஆறியிருந்தது.

இன்னும் அரை மூடி ஊற்றினேன்.
அதற்குள் அவர் நிறுத்தம்.
கதவு மூடும் மணியில் துள்ளி இறங்கினார்.
பனிக்குள் கையசைத்தபோதுதான் கவனித்தேன்,
அவர் கையில் என் மூடி.
என் மடியில் அவர் வெண்கலம்.

திங்கள் காலை பணிமனையில்
மறந்த பொருள் படிவம்.
அலமாரியில் குடைகள், ஐஸ் ஹாக்கி மட்டை,
யாரோ ஒருவரின் ஒற்றை ஊன்றுகோல்.
பொருள்: காப்பிக் கொட்டை. எண்ணிக்கை: ஒன்று.
எடை: நாலரை கிலோ.
மதிப்பு என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.

ரியேக்கினென் படித்தார்.
என் முகத்தைப் பார்த்தார்.